அம்மா வீட்டார், கல்லடி: வெள்ளிக்கிழமை

தங்கச்சி, 6:38
அக்கா, நைட் டியூட்டி முடியப்போகிறது. அம்மா, பயப்படாதீங்க. இரவு 2.30 போல ஒரு ஐயாவுக்கு இரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது இடது சுட்டுவிரலில் குத்திவிட்டது.

அம்மா, 6:39
என்ன மகள் சொல்கிறாய்? ஆழமாகவா?

தங்கச்சி, 6:40
இரத்தம் வந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

மாமி, 6:41
ஐயோ புள்ள, விரலைப் பிதுக்கி இரத்தத்தை வெளியே எடு. வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினாலும் நல்லது.

நான், 6:42
மாமி, வேண்டாம். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கவே கூடாது. ஓடுகிற தண்ணீரும் சவர்க்காரமும் போதும்.
தங்கச்சி, வார்டில் யாரிடம் சொன்னாய்?

தங்கச்சி, 6:44
யாரிடமும் இல்லை அக்கா. பாவித்த ஊசிக்கு மூடி போடக் கூடாது. ஏன் போட்டாய் என்றுதான் சிஸ்டர் முதலில் கேட்பா. நான் வந்தே இரண்டு மாதம்.

நான், 6:49
கேட்கட்டும். எனக்கும் ஒருமுறை குத்தியது, நானும் மறைத்தேன். ஆறு மாதம் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நடுங்கினேன். மகனுக்குப் பால் கொடுக்கவே பயம். அந்த ஆறு மாதத்தை உனக்கு வரவிட மாட்டேன்.
இப்போதே சிஸ்டரிடம் போ. அந்த ஐயாவிடம் கேட்டு அவருடைய இரத்தத்தைப் பார்ப்பார்கள், உன்னுடையதையும் எடுப்பார்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. 28 நாள் குடிக்க வேண்டும். உனக்கு நாலு மணித்தியாலம் ஏற்கெனவே போய்விட்டது.

அம்மா, 6:50
எச்.ஐ.வி.யா? கடவுளே.

நான், 6:53
அம்மா, எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினாலே 1000 பேரில் 3 பேருக்குத்தான் தொற்றும். எனக்குப் பயம் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. அது உள்ளவரின் ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவர்களில் 100 இல் 6 முதல் 30 பேர் வரை தொற்றும். தங்கச்சி, நீ பிறந்தது 1999. பிள்ளைகளுக்கு அந்தத் தடுப்பூசி இலங்கையில் 2003 இல்தான் தொடங்கியது. ட்ரெயினிங்கில் போட்டாயா?

தங்கச்சி, 6:54
மூன்றும் போட்டேன். வேலை செய்திருக்கிறதா என்று இரத்தம் பார்க்கவில்லை.

நான், 6:55
அதையும் சொல்லு. இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்தி 10 அலகுக்கு மேல் இருந்தால் அந்தக் கவலை முடிந்தது.
சரி, மூடி ஏன் போட்டாய்? ஏசுவதற்குக் கேட்கவில்லை.

தங்கச்சி, 6:57
பாவித்த ஊசிகளைப் போடுகிற மஞ்சள் பெட்டி வார்டின் மற்ற அந்தத்தில். அதுவும் வாய்வரை நிரம்பியிருந்தது. திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் இருட்டில் நடக்கப் பயம்.

நான், 6:59
இதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுது. பெட்டி கைக்கெட்டும் தூரத்தில், ட்ரொலியிலேயே இருக்க வேண்டும். முக்கால்வாசி நிரம்பினால் மாற்ற வேண்டும். நீ எழுதாவிட்டால் நாளை இன்னொரு பிள்ளைக்குக் குத்தும்.

அண்ணா, 7:01
நான் பைக்கை எடுத்துவிட்டேன். வெளி கேட்டில் நிற்கிறேன். எவ்வளவு நேரமானாலும் ஆறுதலாக முடித்துவிட்டு வா.

தங்கச்சி, 10:47
சொல்லிவிட்டேன். சிஸ்டர் ஏசவில்லை. அவவே என்னைக் கூட்டிப்போனா. அந்த ஐயா "பாரு மகள், நல்லாப் பாரு" என்று கையை நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் பி-யும் இல்லை. ஹெபடைடிஸ் சி-க்கான முடிவு இன்னும் வரவில்லை.

அம்மா, 10:48
மாமாங்கேஸ்வரா!

அண்ணா, 10:55
அம்மாவின் இன்சுலின் ஊசிகள் எங்கே போகின்றன? காலையில் வரும்போது குப்பைக் கூடையைப் பார்த்தேன். ஷொப்பிங் பேக்கில் அப்படியே கிடந்தன.

நான், 10:57
அந்த பேக்கை மாநகரசபைத் தம்பிமார் வெறுங்கையால் தூக்குகிறார்கள். அம்மா, இன்றிலிருந்து தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு இறுக்கி மூடுங்க. முக்கால்வாசி வந்ததும் நான் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுக்கிறேன்.

அம்மா, 10:58
சலவைத் திரவப் போத்தல் ஒன்று வெறுமையாக இருக்கிறது. அதை எடுக்கிறேன்.

தங்கச்சி, 11:20
வீட்டுக்கு வந்துவிட்டேன். 6 வாரத்தில் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். அக்கா, அன்றைக்கு நீங்க வருவீங்களா?

நான், 11:20
லீவு போட்டுவிட்டு வருகிறேன். இப்போது படு.