பிப்ரவரியில் டிராம்சோ: போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். வரும் பிப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு நார்வேயின் டிராம்சோவுக்குப் போகிறேன். துருவ ஒளி வானம் தெளிந்தால் தெரியும், அதை விடுங்கள். எங்களை இழுப்பது சாமி பழங்குடியினரின் கொண்டாட்டம்தான். பிப்ரவரி 6 அவர்களது தேசிய நாள். அதையொட்டிக் கடைத்தெருவிலேயே கலைமான் பந்தயம் நடக்கும். பனிச்சறுக்குக் கட்டையில் நிற்பவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கலைமான் அவரை இழுத்துக்கொண்டு பாயும். அம்மா அதைப் பக்கத்திலிருந்து பார்த்தே ஆக வேண்டும். தெருவில் எந்தப் பக்கம் நின்றால் நல்லது? எவ்வளவு முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும்?

அப்புறம், ஊர் அமைந்திருக்கும் தீவின் மேட்டில் விளக்குப் போட்ட பனிச்சறுக்குப் பாதை இருக்கிறதே, புதிதாகப் பழகுபவருக்கு அங்கே சரிப்படுமா? கட்டையும் காலணியும் எங்கே வாடகைக்குக் கிடைக்கும்?

அம்மாவுக்கு முட்டிவலி. உறைந்த நடைபாதையில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் மாட்டும் முள்பட்டையை இங்கேயே வாங்கிவிடலாமா, அங்கே போய் வாங்கலாமா? இதுதான் எனக்குப் பெரிய கவலை. 421 மீட்டர் உயரத்துக்குப் போகும் கேபிள் கார் பலத்த காற்றடித்தால் ஓடாது என்பதால், அதற்கென்று நாள் ஒதுக்கவில்லை. சைவச் சாப்பாடு கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள், அம்மா மீன்கூடத் தொடமாட்டார்.