புதுப்பிப்பு: அம்மாவோடு நாகசாகி குளோவர் தோட்டம்
பழைய வெளிநாட்டு வணிகர் வீடுகள் உள்ள குளோவர் தோட்டம் ஒரு மேட்டில் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவால் அந்த மேட்டில் ஏற முடியுமா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். இஷிபாஷி டிராம் நிறுத்தத்தில் இறங்கி, பக்கத்திலுள்ள சாய்வு லிஃப்டில் ஏறினால் மேல் வாசலுக்குப் போகலாம். அப்புறம் பெரும்பாலும் இறக்கம்தான்.

ஸ்காட்லாந்து வணிகர் தாமஸ் குளோவரின் வீடு 1863இல் கட்டியது. ஜப்பானில் மிஞ்சியிருக்கும் மேற்கத்திய பாணி மரவீடுகளில் மிகப் பழையது. கட்டியவர் ஜப்பானின் அமாகுசா தீவுகளைச் சேர்ந்த கொயாமா ஹிதெனோஷின். வெளிநாட்டு வராந்தாவுக்கு மேலே ஜப்பானிய ஓடு! அந்தக் கைவேலையை நின்று பாருங்கள். இந்த வீடு 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ரிங்கர், ஆல்ட் என்ற மற்ற வெளிநாட்டு வணிகர்களின் வீடுகளும் அங்கேயே உள்ளன. அம்மாவுக்குப் பிடித்தது வராந்தாவிலிருந்து தெரியும் துறைமுகம். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.