புதுப்பிப்பு: சிர்கோனியா பூச்சில் தெரிந்த ஓட்டைகள்

போன பதிவில் நான் கேட்டது இதுதான்: எஃகின் மேல் பிளாஸ்மாவில் (மிகச் சூடான, மின்னூட்டம் பெற்ற வாயு) உருக்கித் தெளித்த சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு, ஒரு பீங்கான் வகை) பூச்சைக் குறுக்காக வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் நிறைய ஓட்டைகள், எஃகோடு சேரும் இடத்தில் பிளவு. இவை பூச்சிலேயே இருந்தவையா, நான் உண்டாக்கியவையா?

பெரும்பாலும் நான் உண்டாக்கியவைதான்.

பிளவுக்குக் காரணம் வெட்டிய திசை. வைரத் தகடு எஃகுப் பக்கம் நுழைந்து பூச்சு வழியாக வெளியேறியது. அது பூச்சைப் பிய்த்து இழுக்கும். இப்போது பூச்சுப் பக்கமிருந்து மெதுவாக வெட்டுகிறேன். பிளவு இல்லை.

ஓட்டைகளுக்குத்தான் நிறைய நாள் போனது. வெட்டும் முன்பே வெற்றிடத்தில் எபாக்சி (கெட்டியாக இறுகும் பிசின்) ஊற்றினால், அது துளைகளுக்குள் இறங்கி உடையக்கூடிய துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் மெருகேற்றுதல். கரடுமுரடான தாளில் தேய்க்கும்போது துகள்கள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அந்தக் குழிகளைத்தான் அசல் துளைகள் என்று எண்ணியிருந்தேன். 9, 3, 1 மைக்ரான் வைரப் பசையில், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, துளைகளின் அளவு மாறாமல் நிற்கும் வரை தொடருங்கள். இங்கே அவசரப்படவே கூடாது. எபாக்சி நிரம்பிய துளை என்றால் அது அசல் என்று நம்பலாம்.

இன்னொன்று, நுண்ணோக்கியில் பார்க்க மாதிரியின் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்த வேண்டும்; அதற்காகத் தங்கம் பூசாதீர்கள். எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று காட்டும் தனிம வரைபடத்தை, ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிரின் ஆற்றலை வைத்துத்தான் வரைகிறோம். தங்கத்தின் எக்ஸ் கதிர் ஆற்றல் 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சிர்கோனியத்தினுடையது 2.04. இரண்டு முகடுகளும் கலந்துவிடும். கார்பன் பூசியதும் தனிம வரைபடம் தெளிவாக வந்தது.