ஈஸ்டருக்கு டர்பன் போய்த் திரும்ப மின்சாரக் கார் தாங்குமா?

லெனேஷியா டீச்சர்

தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் இருக்கிறோம். டர்பனை அடுத்த மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் பெரிய வெள்ளியன்று போவது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டு வழக்கம். கரும்புத் தோட்டத்துக் காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஈஸ்டருக்குத்தான் விடுமுறை கிடைத்தது. அம்மனும் அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டாள். இந்த முறை 84 வயது அம்மா, நான், தங்கை மகன், டிக்கி நிறையப் பாத்திரங்கள். கோயிலுக்குப் பக்கத்தில் ஃபீனிக்ஸில் தங்கை வீட்டில் தங்குவோம்.

சிக்கல் கார்தான். போன ஆண்டு வாங்கிய மின்சாரக் கார், 60 யூனிட் பேட்டரி. டிசம்பரில் முதல்முறையாக டர்பனுக்கு ஓட்டிப் போனேன். பாதி வழியில் இருக்கும் ஹாரிஸ்மித்தில் ஒரு தடவை சார்ஜ் செய்ததோடு சரி. பெரும்பாலும் இறக்கம், கார் மிதந்துகொண்டு போனது. ஊருக்கெல்லாம் போன் போட்டுப் பெருமையடித்தேன்.

திரும்பும்போது ஃபீனிக்ஸில் 100 சதவீதம். திரையில் 410 கிலோமீட்டர். ஹாரிஸ்மித் ஏறக்குறைய 310. இன்னும் நூறு மிச்சமிருக்கிறதே என்று மணிக்கு 120 கிலோமீட்டரில் விரட்டினேன். மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் என்ற செங்குத்தான மலைச்சாலையில் ஏறி ஹில்டனைத் தொடுவதற்குள் எண்கள் பழைய கடிகாரம் சாவி கழன்றதுபோல் இறங்கத் தொடங்கின. மூய் ரிவர் சுங்கச்சாவடியில் 30 சதவீதம். ஓடியிருந்தது 165 கிலோமீட்டர்தான்! அந்த வட்டாரத்தில் தேடிப் பிடித்த வேகச் சார்ஜரின் திரை இருண்டு கிடந்தது. ஏசியை நிறுத்தினேன், பாட்டை நிறுத்தினேன், அம்மாவின் பேச்சை மட்டும் நிறுத்த முடியவில்லை. கடைசியில் ஒரு விருந்தினர் விடுதிக்காரர் மனமிரங்கித் தம் சமையலறை ஜன்னல் வழியாகக் கேபிளை விடச் சொன்னார். விடிய விடிய ஏறியது 18 யூனிட். காலையில் அம்மா கேட்டாள்: “மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா?”

திரையில் தெரியும் கிலோமீட்டரை எப்படிப் படிப்பது? எங்கே நிறுத்துவது? இல்லையென்றால் தம்பியின் பெட்ரோல் காரை இரவல் வாங்க வேண்டும். அம்மாவுக்கு அதில்தான் விருப்பம். எனக்கு மானப் பிரச்சினை.

மாரிட்ஸ்பர்க் மாப்பிள்ளை

டீச்சர், அந்த 410 உங்கள் முன்னால் இருந்த சாலையின் கணக்கு அன்று. சில கார்கள் கடைசியாக ஓடிய ஓட்டத்தை வைத்துச் சொல்கின்றன, சில சோதனைக்கூடக் கணக்கைச் சொல்கின்றன. எதிரே மலை நிற்பது பல கார்களின் திரைக்குத் தெரியாது. முதல் வேலையாகத் திரையைச் சதவீதத்துக்கு மாற்றுங்கள்.

என் காரும் அதே அளவு பேட்டரிதான். வடக்கே போகும்போது ஹோவிக் பக்கம் ஒரு நிறுத்தம் கட்டாயம். பெரிய ஏற்றம் அதற்குள் முடிந்துவிடும். பேட்டரியும் பாதிக்குக் கீழே வந்திருப்பதால் வேகமாக ஏறும். 85 சதவீதம் வந்ததும் கிளம்பி 100-இல் ஓட்டினால் ஹாரிஸ்மித்தில் 20-ஐ ஒட்டி நிற்கும். அங்கே சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு 95 வரை ஏற்றுங்கள். லெனேஷியாவுக்கு அது போதும்.

சார்ஜர் வேலை செய்கிறதா என்று பிளக்‌ஷேர் செயலியில் பாருங்கள். பச்சைக் குறியை நம்பாதீர்கள், கடைசியாகச் சார்ஜ் செய்தவர் என்றைக்கு எழுதினார் என்பதைப் பாருங்கள். மூன்று வாரமாக யாரும் எழுதவில்லை என்றால் நான் அந்த இடத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஈஸ்டர் திங்களன்று மட்டும் திரும்பாதீர்கள். சார்ஜரில் நமக்கு முன்னால் இருவர் இருந்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

சாட்ஸ்வொர்த் மின்பொறியாளர் (ஓய்வு)

தங்கச்சி, மலைக்கு ஒரு கணக்கு உண்டு. காரும் ஆட்களும் பாத்திரங்களும் சேர்ந்து 2 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 1,000 மீட்டர் உயர்த்த ஐந்தரை யூனிட் வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் ஆறு. டர்பன் கடல் மட்டம், மூய் ரிவர் ஏறத்தாழ 1,400 மீட்டர். ஆக மலை தின்றது எட்டரை யூனிட் போல. நீங்கள் செலவழித்ததோ 60-இல் 70 சதவீதம், அதாவது 42! பெரிய பங்கைத் தின்றது வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 100-இலிருந்து 120-க்குப் போனால் 44 சதவீதம் அதிகம். மலையைத் திட்டாதீர்கள், உங்கள் வலது காலைத் திட்டுங்கள்.

இன்னொரு வேடிக்கை. ஹாரிஸ்மித்தைத் தாண்டியபின் 1,600 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. அதே வேகத்தில் போனாலும் அங்கே கார் குறைவாகக் குடிக்கும். வார்டன், வில்லியர்ஸ் பக்கம் உங்களுக்கே தெரியும்.

கீழே போகும்போது ஒரு தவறு செய்யாதீர்கள்: ஹோவிக்கில் பேட்டரியை நிரப்பிக்கொண்டு டவுன் ஹில் இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டாரே வேகத்தை அடக்கி மின்சாரம் ஆக்கும், நிரம்பிய பேட்டரியில் அது போய்ச் சேர இடமில்லை. முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும், பின்னால் லாரிகள் வேறு. தங்கை வீட்டுச் சாதாரண மூன்று முனைப் பிளக் போதும், 12 மணி நேரத்தில் 25 யூனிட் ஏறும். நீட்சி வயரைச் சுருட்டி வைத்தபடி மட்டும் பயன்படுத்தாதீர்கள். சுருளுக்குள் சூடு தங்கி உருகிய வயர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

வான் ரீனன் லாரிக்காரன்

ஹாரிஸ்மித்துக்கு முன்னால் வரும் வான் ரீனன் கணவாயில் 24 ஆண்டுகளாக ஓட்டுகிறேன். 2024 செப்டம்பரில் பனி கொட்டி டர்பன்-ஜோஹானஸ்பர்க் நெடுஞ்சாலையான என்3 மூடியது. வண்டிகள் இரவெல்லாம் அப்படியே நின்றன. அன்றைக்கு இந்த பேட்டரி வண்டியில் வயதான அம்மா இருந்திருந்தால்? டீச்சர், தம்பியின் காரைக் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த் மின்பொறியாளர் (ஓய்வு)

லாரிக்காரத் தம்பி, நியாயமான பயம்தான், ஆனால் கணக்கு உங்கள் பக்கம் இல்லை. நிற்கும் காரைச் சூடாக வைக்க மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு யூனிட். பாதி பேட்டரி இருந்தால் 15 மணி நேரத்துக்குக் குறையாது, புகையும் இல்லை. 10 சதவீதத்தோடு கணவாயில் ஏறியவருக்குத்தான் ஆபத்து. வற்றிய டீசல் தொட்டிக்கும் அதே கதி.

லெனேஷியா டீச்சர்

42 யூனிட்டில் எட்டரைதான் மலையா! முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இதை நானே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

புதன் இரவு கிளம்பி வியாழன் விடியலில் ஃபீனிக்ஸ். திரும்புவது செவ்வாய். ஹோவிக், ஹாரிஸ்மித் இரண்டு நிறுத்தம், 100-க்கு மேல் போவதில்லை. தங்கை மகனுக்குத் திரையில் கை வைக்கத் தடை. தம்பியிடம் கார் கேட்கவில்லை.

அம்மாவிடம் யூனிட், மீட்டர், அடர்த்தி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: ஹோவிக்கில் நிறுத்தும் இடத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்குமா? மாப்பிள்ளை, அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே.