"கொக்குவில் வீடு" குழு: கழலாத ஸ்குறூ

ஞாயிற்றுக்கிழமை

நான், 8.52
[படம்]
அப்பாவின் எம்டி 90 மோட்டார் சைக்கிளின் காபரேற்றர், பெற்றோலையும் காற்றையும் கலக்கிற சாமான். கீழ்க் கோப்பையைப் பிடிக்கும் ஸ்குறூ ஒன்று அசைய மாட்டேன் என்கிறது. ஸ்டார் டிரைவர் வழுக்கி வழுக்கித் தலை வட்டமாகிக்கொண்டு வருகிறது. யாருக்காவது வழி தெரியுமா?

பெரியப்பா, 8.54
எதற்காகக் கழற்றினாய்? ஓடிக்கொண்டிருந்த சைக்கிள்தானே.

நான், 8.55
எங்கே ஓடியது பெரியப்பா. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துத் தாழ்வாரத்தில் சாத்தியதுதான். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. உதைத்தால் இருமுகிறது, பிடிக்கவில்லை.

மச்சான் ஸ்காபரோ, 8.57
ஸ்குறூவில் துளை போட்டு, இறுகியதைக் கவ்வி எடுக்கிற எக்ஸ்ட்ராக்டரை இறக்கு மச்சான். இல்லையென்றால் காஸ் டோர்ச்சால் ஒரு நிமிடம் சூடு காட்டு.

தங்கச்சி, 8.57
உங்களுக்கு அங்கே நித்திரை இல்லையா?

மச்சான் ஸ்காபரோ, 8.58
இங்கே கனடாவில் இன்னும் சனி இரவு பதினொன்றரை. நாளைக்கு வேலை இல்லை. விடு.

அம்மா, 8.59
நான் நல்லூரில் நிற்கிறேன். வீட்டில் ஒருவரும் நெருப்பு மூட்டக்கூடாது.

பெரியப்பா, 9.03
எங்கள் காலத்தில் இந்தப் பிரச்சினை வரவேயில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காது. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலு துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். ரோட்டெல்லாம் புகை. பிளக்கிலும் உள்ளேயும் ஒரே கரி. அடிக்கடி காபரேற்றரைக் கழற்றித் துடைத்தே ஆகவேண்டும். அப்படிக் கழற்றுகிற ஸ்குறூ எப்படி இறுகும்?

தங்கச்சி, 9.04
அப்பா அந்தப் புகை மணத்தோடுதான் அம்மாவைப் பொம்பிளை பார்க்கப் போனவராம்.

அம்மா, 9.05
அது இப்போது தேவையா?

மாமா சுன்னாகம், 9.08
ஒருவரும் ஒன்றும் செய்ய வேண்டாம். தம்பி, முதலில் டிரைவரைக் கீழே வை. இன்னும் இரண்டு தரம் வழுக்கினால் பிடிப்பதற்கு இடமே இருக்காது. ஸ்குறூத் தலையைக் கிட்டவாக ஒரு படம் எடு.

நான், 9.10
[படம்]

தங்கச்சி, 9.12
பெருப்பித்துப் பார்த்தேன். கூட்டல் குறிக்குப் பக்கத்தில் குண்டூசியால் குத்தியதுபோல ஒரு புள்ளி தெரிகிறது. ஊத்தையா?

மாமா சுன்னாகம், 9.19
ஊத்தை இல்லை, பிள்ளை. அது யப்பான் தரத்து ஸ்குறூ என்பதற்கு அடையாளம். சிலதில் புள்ளி இருக்காது, ஆனால் யப்பான் சைக்கிள் என்றால் அப்படித்தான் என்று வைத்துக்கொள். நாங்கள் ஸ்டார் என்று சொல்லி வாங்குவது பெரும்பாலும் பிலிப்ஸ் டிரைவர். பார்வைக்கு இரண்டும் ஒன்று. பிலிப்ஸின் நுனி இந்தக் குழிக்குள் போனதும் அடியில் முட்டி நின்றுவிடும், பக்கங்கள் சுவரில் பொருந்தாது. பலம் கொடுத்தால் மேலே ஏறி வழுக்கும், வழுக்கும்போது தலையைச் சுரண்டும். உன் கையில் பலம் போதாமல் இல்லை. சாவி பிழை.

நான், 9.21
இன்று ஞாயிறு, ரவுணில் கடை பூட்டு. யப்பான் டிரைவருக்கு எங்கே போவது?

மாமா சுன்னாகம், 9.24
இருப்பதைச் சாணைக்கல்லில் பிடித்து நுனியை மட்டும் கொஞ்சம் மொட்டையாக்கு. அரை மில்லிமீற்றர் போதும். அடிக்கடி தண்ணீரில் தோய், சூடேறினால் இரும்பு மென்மையாகிவிடும். அம்மியில் தேய்க்காதே, அக்கா என்னைத்தான் பேசுவா.

மச்சான் ஸ்காபரோ, 9.26
அப்பா, எக்ஸ்ட்ராக்டர் ஐந்து நிமிட வேலை. ஏன் இவனை அலைக்கழிக்கிறீர்கள்?

மாமா சுன்னாகம், 9.31
அந்த ஸ்குறூவின் தடிப்பைப் பார். அதற்குள் இறங்கும் எக்ஸ்ட்ராக்டர் ஈர்க்குப் போல இருக்கும். கடினமான இரும்பு, வளையாது, முறியும். முறிந்தால் அதைத் துளைக்க வீட்டில் எந்தத் துரப்பணமும் உதவாது. டோர்ச்சும் வேண்டாம். உள்ளே பெற்றோல் மிச்சம் இருக்கும், மிதவை பிளாஸ்ரிக், காபரேற்றரின் உடம்பு வார்ப்பு உலோகம்.

பெரியப்பா, 9.33
தம்பி, மாமா சொல்வதைக் கேள். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நிற்கும்வரை அங்கே இயந்திரம் பொருத்துகிற பிற்றராக இருந்தவர். ஆள் உயர நட்டையே கழற்றியவர்.

மாமா சுன்னாகம், 9.34
ஆள் உயரம் இல்லை. முழங்கால் உயரம்.

மாமா சுன்னாகம், 9.42
சரி, கேள். இறுகியதற்குக் காரணம் துரு மட்டுமில்லை. ஸ்குறூ இரும்பு, உடம்பு வேறு உலோகம். இரண்டுக்கும் நடுவில் ஈரமும் உப்புக் காற்றும் போனால் வெள்ளைப் பொடி பிடித்து, புரியெல்லாம் சீமெந்து போட்டதுபோலாகும். நாலு மாரி தாழ்வாரத்தில் நின்ற சைக்கிள் வேறென்ன செய்யும்? அந்தப் பொடியை உடைக்கவேண்டும். ஸ்குறூவைச் சுற்றி டபிள்யூடி 40 ஸ்பிறே விட்டு ஒரு மணித்தியாலம் விடு. பிறகு பலகையில் துணி விரித்து, காபரேற்றரைத் தலைகீழாக வைத்து, டிரைவரை நேராக நிறுத்திச் சுத்தியலால் தட்டு. தட்டு என்றேன், அடி என்று சொல்லவில்லை. கதவு தட்டுகிற அளவு, இருபது தரம். பிறகு கொதிதண்ணீரை உடம்பில் ஊற்று. ஒரே சூட்டுக்கு அலுமினிய வார்ப்பு இரும்பைவிட இரண்டு மடங்கு போல விரியும், பிடி தளரும். சூடு ஆறமுன் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருப்பு, அப்புறம்தான் கழற்றுகிற பக்கம்.

மச்சான் ஸ்காபரோ, 9.45
டபிள்யூடி 40 இல்லையென்றால் அசிற்றோனும் ஒட்டோ கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி. அது இன்னும் நன்றாக ஊறும்.

நான், 9.46
தங்கச்சியிடம் நகப்பூச்சு அழிக்கிற போத்தல் இருக்கிறது.

தங்கச்சி, 9.46
தொட்டுப் பார்.

மாமா சுன்னாகம், 9.48
அசிற்றோன் ரப்பர் வளையங்களையும் மிதவையையும் கெடுக்கும். போத்தலைப் பிள்ளையிடமே கொடு.

நான், 11.15
ஊறவைத்து, தட்டி, தண்ணீரும் ஊற்றியாயிற்று. மொட்டை டிரைவர் வடிவாகப் பொருந்துகிறது, ஆனால் தலை ஏற்கெனவே தேய்ந்துபோனதால் கடைசி நேரத்தில் நழுவுகிறது.

பெரியப்பா, 11.17
என்னிடம் வால்வ் தேய்க்கிற பசை ஒரு பழைய ரின்னில் கிடக்கிறது. அதற்குள் மணல்போலத் துகள் இருக்கும். டிரைவர் நுனியில் பூசினால் பிடிக்கும் என்று அந்தக் காலத்தில் செய்வோம். மதிலுக்கு மேலால் தருகிறேன், வா.

மாமா சுன்னாகம், 11.18
அது நல்ல யோசனை. அதற்கும் வராவிட்டால் தலை வெளியே நிற்கிறதுதானே, வைஸ் கிறிப்பால் விளிம்பைக் கவ்வித் திருப்பு. அதற்கும் வராவிட்டால் வாள் அலகால் தலையில் ஒரு கீறல் அறுத்துத் தட்டை டிரைவர். தண்ணீரை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொதிக்கவை.

நான், 12.06
[குரல் பதிவு, 0.04]

தங்கச்சி, 12.07
"டிக்" என்று ஒரு சத்தம். பிறகு அண்ணா கத்துகிறார். வீடே அதிர்ந்தது.

நான், 12.09
[படம்]
வந்துவிட்டது! பசையும் மூன்றாவது சுடுதண்ணீரும். வைஸ் கிறிப் வரை போகவில்லை. புரி முழுக்க மாமா சொன்ன வெள்ளைப் பொடி. கோப்பைக்குள் பழுப்பாகப் பிசின்போல ஒட்டியிருக்கிறது, பெற்றோல் போகிற சின்ன ஜெற்றின் ஓட்டையில் வெளிச்சமே தெரியவில்லை.

மச்சான் ஸ்காபரோ, 12.10
இரவு இரண்டே முக்கால். இதற்காகத்தான் விழித்திருந்தேன். பழைய ஸ்குறூவைத் திரும்பப் போடாதே, தலையில் அறுகோணக் குழி உள்ள அலன் ஸ்குறூ வாங்கு.

மாமா சுன்னாகம், 12.14
அலன் நல்லது. நீளமும் புரியும் பழையதோடு ஒப்பிட்டு வாங்கு, புரியில் துளி கிறீஸ் பூசிப் போடு. பெரிய சாவியால் முறுக்காதே, இந்த உடம்பில் புரி போனால் போனதுதான். ஜெற்றைக் கம்பியால் குத்தாதே, ஓட்டை பெருத்தால் பெற்றோல் குடிக்கும். கிளீனர் விட்டு ஊது. பக்கத்தில் ஸ்பிறிங்கோடு ஒரு சின்ன ஸ்குறூ இருக்கும், ஐடிலில், அதாவது சைக்கிள் நின்றபடி ஓடும்போது, காற்றுக் கலவையைச் சரிசெய்வது. கழற்றமுன் மெதுவாக முட்டும்வரை உள்ளே திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வை.

நான், 12.15
எண்ணவேண்டுமா?

மாமா சுன்னாகம், 12.15
கழற்றிவிட்டாயா?

நான், 12.16
அதுதான் முதலில் கழன்றது.

பெரியப்பா, 12.18
ஒன்றரைச் சுற்றில் வைத்துத் தொடங்கு. என்ஜின் சூடானதும் நான் வந்து காதால் கேட்டுச் சரிபண்ணித் தருகிறேன்.

அம்மா, 12.31
வந்துவிட்டேன். புட்டுப் பானை ஏன் பெற்றோல் மணக்கிறது?

மாமா சுன்னாகம், 12.32
நான் ஊற்றத்தான் சொன்னேன் அக்கா. அவிக்கச் சொல்லவில்லை.

தங்கச்சி, 12.41
அண்ணா எழுதுகிறார் என்று பத்து நிமிடமாகக் காட்டுகிறது.