மெழுகு கான்வாஸ் பை: உள் ஓரத்துக்குப் பட்டி கட்டுவதா, மடித்துத் தைப்பதா?

நூல்கண்டு:
10 அவுன்ஸ் கனமுள்ள மெழுகு கான்வாஸில் (மெழுகு ஏற்றிய தடித்த துணி) தோள்பை ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். லைனிங் கிடையாது, அடியில் பெட்டி மூலை (அடி பெட்டி மாதிரி தட்டையாக நிற்க, மூலையைக் குறுக்கே தைப்பது). வீட்டு மெஷின்தான். உள்ளே தெரியும் வெட்டு ஓரத்துக்கு ஓவர்லாக் (ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டே நூலால் சுற்றித் தைக்கிற மெஷின்) போதுமா?

கிராஸ்பட்டி:
ஓவர்லாக் பக்கம் போகாதீர்கள். மெழுகும் பஞ்சும் கலந்து கத்தியில் பிசினாக அப்பிக்கொள்ளும். அடுத்து அதில் தைக்கிற ரவிக்கைத் துணிக்குத்தான் அந்தக் கறை.

பட்டி கட்டுங்கள். வெட்டு ஓரத்தைத் துணிப்பட்டையால் சுற்றி மூடித் தைப்பதுதான் அது; மெல்லிய பருத்தித் துணி போதும். நேர் ஓரத்துக்கு நேர்பட்டியே சரி; வளைவு இருந்தால்தான் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்ட வேண்டும். கான்வாஸிலேயே பட்டி வெட்டினால் ஓரம் கட்டை மாதிரி தடித்துப்போகும்.

மிதிமெஷின்:
பட்டி என்பது கூடுதல் துணி, கூடுதல் வேலை. பிரெஞ்சு தையல் போட்டால் ஓரம் தானாக உள்ளே போய்விடும். முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய ஒரு தையல், ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, திருப்பி இன்னொரு தையல். அவ்வளவுதான். பருத்திப் பட்டி நாளடைவில் மெழுகை உறிஞ்சித் திட்டுத் திட்டாகும், அதையும் சொல்லுங்கள்.

கிராஸ்பட்டி:
உறிஞ்சட்டுமே, உள்ளேதானே இருக்கிறது? அடர்நிறத்தில் வெட்டினால் தெரியவே தெரியாது.

மூலைக்கு வாருங்கள். பிரெஞ்சு தையலை மடித்துச் சாய்த்தால் அந்த இடம் ஐந்து அடுக்கு. பெட்டி மூலையில் பக்கத்தையலும் அடித்தையலும் ஒன்றின்மேல் ஒன்று வரும். பத்து அடுக்கு மெழுகுத் துணியை வீட்டு மெஷின் எங்கே ஏறும்? ஊசிதான் உடையும்.

மிதிமெஷின்:
இரண்டையும் ஒரே பக்கம் சாய்த்தால்தான் பத்து. ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் சாய்த்தால் எந்த இடத்திலும் ஆறுதான். 18 நம்பர் ஊசி போட்டு, அந்தக் கணுவைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டிவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஏற்றுங்கள். போகும்.

கிராஸ்பட்டி:
போகும், மூலை கூர்மையாக வராது. பட்டி போட்டால் அதே கணக்கில் கான்வாஸ் நாலே அடுக்கு.

துணிக்கரை:
நடுவில் வருகிறேன். ஜீன்ஸ் காலில் இருக்கிற இரட்டைத் தையல்தானே உறுதி? அதை யாரும் சொல்லவில்லையே.

மிதிமெஷின்:
உறுதிதான். ஆனால் பையின் ஒரு பக்கத்துக்கு எளிது, இரண்டாவது பக்கம் மூடும்போது குழாய்க்குள் கையை விட்டுத் தைக்க வேண்டும். மேலும் வெளிமுகத்தில் ஊசித்துளை வரிசை கூடும். மழைத்தண்ணீர் அது வழியாக இறங்கும். துளைமேல் மெழுகு தேய்த்து ஹேர் டிரையர் காட்டினால் ஓரளவு அடைபடும்.

துணிக்கரை:
அப்படியானால் இன்னொன்று. துணியின் கரை, அதாவது நெய்யும்போதே முடிந்த ஓரம், பக்கத்தையலில் விழுகிற மாதிரி வெட்டினால் அங்கே பிசிறே வராது. பட்டியும் வேண்டாம், மடிப்பும் வேண்டாம்.

கிராஸ்பட்டி:
நல்ல யோசனை, ஆனால் அவர் வெட்டிவிட்டாரே.

நூல்கண்டு, எந்த வழியில் போனாலும் குண்டூசி குத்தாதீர்கள், துளை அப்படியே நிற்கும், கிளிப் போடுங்கள். இஸ்திரியும் வேண்டாம், மெழுகு உருகி இஸ்திரிப்பெட்டியின் அடியில் ஒட்டும். நகத்தால் அழுத்தினாலே இந்தத் துணி மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். டபுள் டேப் நம்பிப் பட்டியை ஒட்டவும் வேண்டாம், மெழுகில் நிற்காது. பட்டியை ஒரே ஓட்டத்தில் தைக்காதீர்கள், அடிப்பக்கம் தவறிவிடும். முதலில் ஒரு முகத்தில் தைத்து, சுற்றி மடித்து, மறுபடி தையுங்கள்.

நூல்கண்டு:
தையலுக்கு ஒரு சென்டிமீட்டர்தான் விட்டு வெட்டியிருக்கிறேன். பிரெஞ்சு தையலுக்குப் போதுமா?

கிராஸ்பட்டி:
அப்புறம் என்ன பேச்சு? பட்டிதான்.

மிதிமெஷின்:
ஒரு சென்டிமீட்டரில் முதல் தையல் 4 மில்லிமீட்டர், இரண்டாவது 6. மெல்லிய துணியில் செய்யலாம். இந்தக் கனத்தில் பிசிறு வெளியே எட்டிப் பார்க்கும். சரி, இந்தப் பைக்குப் பட்டி கட்டுங்கள். அடுத்ததற்கு 16 மில்லிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு இங்கே வாருங்கள், பேசுவோம்.