புதுப்பிப்பு: பாதியில் நின்ற பி.எஸ்சி., அக்கா மகள் திரும்பச் சேர்ந்துவிட்டாள்

ஜூனில் கேட்டிருந்தேன்: குடியாத்தத்தில் அக்கா மகள், பி.எஸ்சி. கணிதம், நாலாவது செமஸ்டர் நடுவில் நின்றுவிட்டாள். அத்தானுக்குப் பக்கவாதம், லுங்கித் தறியைப் பார்க்க ஆள் இல்லை. ஒன்றரை வருஷம் கழித்துச் சேர முடியுமா என்று.

முடிந்தது. நேற்று முதல் வகுப்பு.

"டி.சி. வாங்கிட்டாளா, அதை முதல்ல பாருங்க" என்று எழுதியவர் வாய்க்குச் சர்க்கரை போடணும். வாங்கவில்லை. அதனால் புது அட்மிஷன் இல்லாமல் மறுசேர்க்கையோடு போயிற்று. முதல்வருக்குக் கடிதம், அத்தானின் டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய மார்க்‌ஷீட்டுகள், கட்டணம், அப்புறம் பல்கலைக்கழக அனுமதி. அதற்காகக் காட்பாடி தாண்டி, பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்கு இரண்டு நடை. முதல் நடை வீண். மூன்றாவது செமஸ்டர் மார்க்‌ஷீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது நான்தான்.

ஜூனிலேயே வகுப்பில் உட்கார முடியாது என்பது அப்போது உறைக்கவில்லை. விட்ட செமஸ்டர் இரட்டைப்படை, அது டிசம்பர் வாக்கில்தான் தொடங்கும். பழைய வருகைப்பதிவும் இன்டர்னல் மார்க்கும் போச்சு, முழுசாக மறுபடி. கூடவே இரண்டு அரியர், ஏப்ரலில் எழுதணும்.

தறிக்கு ஆள் வைத்தாச்சு, கூலி என் கணக்கு. தறிக்கு மேல் சுவரில் அவள் சாக்பீஸால் எழுதிய தொகையிடல் சூத்திரங்கள் இன்னும் அழியவில்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வரியைப் படிப்பாளாம்.

நேற்று ராத்திரி போனில் ஒரே புகார்தான்: "மாமா, கிளாஸ்ல எல்லாரும் என்னை அக்கான்னு கூப்பிடுறாங்க."